ஏழாம் வீட்டுப் பெயர்

கீழ் லைன், தலைச்சோலை
ஏற்காடு
6 மார்ச் 2024

சுகுணாவுக்கு,

நீ கடைசியாக இந்த வீட்டை விட்டுப் போனது எந்த வருஷம் என்று லாசர் கேட்டார். எனக்கு வருஷத்தின் நம்பர் தெரியாது. கொரோனாவுக்குப் பயந்து இரண்டு வருஷம் நிறுத்தி வைத்திருந்த மலர்க் கண்காட்சியை மறுபடி நடத்தினார்களே, அந்த வருஷம். நம் லைன் வீடுகளுக்கு மேலே நின்ற சில்வர் ஓக் மரத்தில் இடி இறங்கி, மரம் நட்டநடுவே பிளந்து, ஒரு பாதி கருகி மறுபாதி மட்டும் துளிர்த்த வருஷம். மிளகு கொடி கொள்ளாமல் காய்த்தும் பறிக்க ஆள் கிடைக்காத வருஷம். கார்த்திகை பிறந்து பதினோராம் நாள் உன் அம்மா பழனியம்மாள் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட இலையை எடுக்கும் முன்னே நீ நாலு மணி பஸ் ஏறிவிட்டாய். லாசர் விரல் விட்டு எண்ணி 2022 என்கிறார். இருக்கட்டும்.

எழுதுவது லாசர்தான். நம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர், உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் எழுத்துத் தமிழாக்கி எழுதுகிறார். "ஏனுங்க மேஸ்திரி, கெட்ட வார்த்தைய மட்டும் மாத்திக்கறேனுங்க, மத்ததெல்லாம் நீங்க சொன்னபடிதான்" என்கிறார். போனில் பேசுங்கள் என்றும் சொன்னார். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் கத்துவேன், நீ அழுவாய், சொல்ல வந்தது நின்றுபோகும்.

விஷயம் இது. மாசாமாசம் முதல் செவ்வாய்க்கிழமை மேல் ரோட்டுக்கு டிரஸ்டின் மருந்து வண்டி வருகிறதல்லவா, அதில் வரும் நர்ஸ் மரியா போன வாரம் லைனுக்கே இறங்கி வந்தது. என் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கொதிப்பு இருநூறு இருக்குது. நீங்க நடமாடறதே அதிசயம்" என்றது. மாத்திரை தரும் முன் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னது. பேரை மிஷினில் ஏற்றுவதற்காம். வண்டி வருவதற்கு முதல் நாள் மிஷின் போன் போட்டுச் சொல்லுமாம். "அந்த மிஷின ஆரு பாத்துக்கறது?" என்றேன். "பெங்களூர்ல இருந்து உங்க பொண்ணுதான் தாத்தா. மறுபடியும் புதுசாச் செஞ்சு தருது" என்றது.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாத்திரையும் வேண்டாம் என்றேன். அந்த மிஷினில் என் பேர் ஏறக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். காரியத்தன்று பந்தலில் எல்லோர் முன்னாலும் நீயே சொன்னாய், "அம்மா பேரு மருந்து வண்டிப் பட்டியல்ல இல்லீங்கப்பா, தப்பு என்னோடது" என்று. "ஊர்க்காரங்க பேரையெல்லாம் எழுதுனவளுக்குப் பெத்தவ பேரெழுதக் கை வல்லியா? இனி இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காத" என்று நானும் சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாய். இப்போது சொல். ஏன் எழுதவில்லை?

சென்றாயன்
(கைநாட்டு)


பெங்களூர்
19 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் லாசர் மாமாவின் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அரை நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிரித்துப் படித்தபோது நீங்கள் திட்டியிருந்தது நிம்மதியாக இருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் ஆபீஸில் நானூறு சர்வர் இருக்கின்றன. சர்வர் என்றால் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர். ஒன்று செத்தால் அதே இடத்தில் அதே மாதிரி இன்னொன்றை எழுப்பி நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்த மிஷினில் என்ன இருக்க வேண்டும், அது யாருக்கு, எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்கிற விவரத்தை எல்லாம் முதலில் தனியாகப் பட்டியல் போட்டு அடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் படித்து வேலை செய்யும் புரோகிராமை அதற்குப் பிறகுதான் எழுத வேண்டும். புரோகிராமுக்குள் ஒரு ஆளின் பெயர்கூட இருக்கக் கூடாது. ஏனென்றால் அதை நாளைக்கே தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுவோம். பட்டியல்தான் நிற்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். இதை மறந்து ஒருத்தர் எழுதிக்கொண்டு வந்தால் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறேன்.

மருந்து வண்டிக்கும் அப்படித்தான் செய்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர், ஊர், நோய், போன் நம்பர். எல்லோருக்கும் ஒரே செய்தி, "நாளை மருந்து வண்டி வருகிறது" என்று. அதே செய்தியை அம்மாவுக்கும் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அம்மாவிடம் போனும் இல்லை. அதனால் என் குரலிலேயே தனியாகப் பேசிப் பதிவு செய்தேன். "அம்மா, நாளைக்கு வண்டி வருது, மறக்காமப் போயி மாத்திர வாங்கிக்க. சாப்புட்டியாம்மா?" பட்டியலில் இதற்கு இடமில்லை. இடம் உண்டாக்க ஒரு நாள் பிடிக்கும். அவசரத்தில் புரோகிராமுக்குள்ளேயே மூன்று வரி எழுதினேன். எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பிறகு பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அக்கா போனுக்குக் கூப்பிட்டு இதைப் போடு என்று. பிறகு பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பத்தொன்பது மாசம் ஓடியது. அந்த மிஷின் பழுதாகி, டிரஸ்டில் புதிதாக வந்த சந்தோஷ் வேறொன்றை எழுப்பினார். "அக்கா, பழைய புரோகிராமும் வேணுங்களா?" என்று கேட்டார். "வேண்டாம் சந்தோஷ், அத அசிங்கமா எழுதி வெச்சிருக்கேன். பட்டியல் இருக்குல்ல, அது போதும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒருத்தர் விடாமல் போன் போனது. சந்தோஷ் மேல் தப்பில்லை.

அம்மா எனக்கு உசத்தி என்பதால்தான் அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை, அப்பா. இது ஒரு பதிலா என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நானே சின்னத்தாயி அக்கா போனில் கூப்பிடுவேன். மிஷின் வைத்த பிறகு அது குறைந்தது. கடைசி இரண்டு மாசம் ஒரு தடவைகூட நான் பேசவில்லை. மிஷின்தான் பேசுகிறதே என்று இருந்துவிட்டேன்.

உங்கள் பெயரை உங்களைக் கேட்காமலே நான் ஏற்றிவிட முடியும். செய்ய மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாத்திரையையாவது வாங்கிச் சாப்பிடுங்கள் அப்பா.

சுகுணா


தலைச்சோலை
2 ஏப்ரல் 2024

சுகுணாவுக்கு,

லாசர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினார். "உசத்தி" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. மனவருத்தம் என்று எழுதட்டுமா என்று கேட்டார். கோபம் என்றே எழுதச் சொன்னேன்.

நீ நூற்றுப் பன்னிரண்டு என்கிறாய். இங்கே நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

புரட்டாசியில் வண்டி வருவதற்கு முதல் நாள், திங்கட்கிழமை. சாயங்காலம் உன் அம்மா தலை வாரிக்கொண்டு சின்னத்தாயி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். எப்போதும் வாரிக்கொண்டுதான் போவாள். போனில் உன் தலை யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் கேலி பேசியிருக்கிறேன். விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருந்தவள் திரும்பி வந்து, "புள்ள கூப்புடல. நாளைக்கு வண்டி வராதாட்ட இருக்குது" என்றாள். அவள் வலது கால் உனக்குத் தெரியும். அந்தக் காலை இழுத்துக்கொண்டு மேல் ரோட்டுக்கு ஏற ஒரு மணி நேரம் ஆகும். உறுதியாகத் தெரியாமல் ஏற மாட்டாள்.

ஐப்பசியிலும் அதே கதை. கொதிப்பு மாத்திரை இல்லாமலே இரண்டு மாசம் ஓடி, கார்த்திகையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. சின்னத்தாயி சாவு வீட்டில் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "உங்க மக அண்ணிக்கே ஒரு போன் வாங்கிக் குடுத்துருச்சாட்டன்னு நெனச்சுப்போட்டேனுங்கண்ணா. அதான் இங்க போன் வாரதில்லைன்னு இருந்துட்டேன், வாசல்ல உக்காந்தவங்களயும் ஏன்னு கேக்கல." நான் யாரை வைது என்ன செய்ய?

ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரோட்டில் மேல் லைன் அம்மாசியைப் பார்த்தேன். அவன் கையில் மாத்திரைக் கவர். "ஏன்டா, வண்டி வந்துதா?" "வந்துட்டுப் போயிருச்சுங்க மேஸ்திரி." வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "அது மேல் லைனுக்கு வந்த வண்டியா இருக்கும். நமக்குன்னா புள்ள கூப்புடாம இருக்குமா?" என்றாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு...

போதும் லாசர் என்று சொல்லிவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

சென்றாயன்
(கைநாட்டு)

பாப்பா, இது லாசர் எழுதுவது, அவருக்குத் தெரியாது. மூன்று நாளைக்கு முன் அவருக்கு மூக்கில் ரத்தம் வந்து நிற்க வெகு நேரம் ஆயிற்று. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நீ எழுதுவதை நிறுத்தாதே.


பெங்களூர்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் மூக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டேன்.

பழைய மிஷினின் டிஸ்கை டிரஸ்டில் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். வாங்கி வந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு அழைப்பும் எத்தனை விநாடி நீடித்தது என்று அதில் பதிவாகியிருக்கும். எல்லோரும் செய்தி முடிந்ததும் வைத்துவிடுகிறார்கள். பாதியிலேயே வைத்தவர்கள்தான் அதிகம். சின்னத்தாயி அக்கா நம்பருக்குப் போன பத்தொன்பது அழைப்பும் அறுபது விநாடி. ஒன்றுகூடக் குறையவில்லை. அறுபது ஆனால் மிஷின் தானே துண்டித்துவிடும், நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

என் குரல் பதினாலு விநாடிதான் அப்பா. மீதி நாற்பத்தாறு விநாடி அம்மா என்ன பேசினாங்க? மிஷின் அதைச் சேர்த்து வைக்கவில்லை. சேர்த்து வை என்று நான் சொல்லியிருக்கவில்லை. அறுபது, அறுபது என்று பத்தொன்பது வரி மட்டும் இருக்கிறது. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

இந்தத் தடவை புரோகிராம் ஒரு வரிகூட இன்னும் எழுதவில்லை. டிரஸ்டில் எப்போது முடியும் என்று நச்சரிக்கிறார்கள். பட்டியல் முடியாமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இம்முறை வீடு வாரியாக அடுக்குகிறேன், வீட்டுக்குள் ஆள். போன் இல்லாதவருக்கு யாருடைய போன் என்று ஒரு கட்டம். எப்போது கூப்பிட வேண்டும் என்று ஒன்று. யார் குரலில், என்ன வார்த்தை என்று ஒன்று. தனியாகச் செய்ய வேண்டியது எதுவானாலும் அதற்கும் பட்டியலிலேயே இடம் வைத்துவிட்டேன். ஒரு வீட்டின் விவரம் காலியாக இருந்தால் மிஷின் அதைத் தாண்டிப் போகாது. நின்று, இந்த வீட்டில் யார் என்று என்னைக் கேட்கும்.

மேல் லைன், கிளியூர், வெள்ளக்கடை எல்லாம் மரியா எடுத்துக் கொடுத்துவிட்டாள். கீழ் லைன் மட்டும் பாக்கி. பகலில் போனால் பாதி வீட்டில் ஆள் இல்லையாம். எஸ்டேட் ஆபீஸின் பழைய புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். உங்களுக்குத்தான் வீடு வீடாகத் தெரியும். லாசர் மாமாவிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள்.

நம் ஏழாம் வீட்டைக் காலியாக விட்டாலும் சரி. மிஷின் ஒவ்வொரு மாசமும் என்னைக் கேட்கும். அப்பா இன்னும் சொல்லவில்லை என்று நானும் ஒவ்வொரு மாசமும் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சுகுணா


தலைச்சோலை
9 மே 2024

கண்ணு சுகுணா,

லாசர் உனக்குத் திருட்டுத்தனமாக எழுதியது தெரிந்துவிட்டது. மூக்கு என்று வாய்விட்டுப் படித்த பிறகுதான் தாளை மடிக்கப் பார்த்தார். "இத்தன வருசம் செக்ரோல்ல ஆள் கணக்கு எழுதுன ஆளுக்கு ஒரு பொய்ய ஒழுங்காச் சொல்லத் தெரியலீங்களே" என்றேன்.

முந்தாநாள் வண்டி வந்தது. நான் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லையே.

நாற்பத்தாறு விநாடியில் உன் அம்மா என்ன பேசினாள் என்று கேட்டாய். உன் மிஷினில் இல்லை. என்னிடம் இருக்கிறது. அவள் போன் பேச உட்காரும் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நான் விறகு அடுக்குவேன். பத்தொன்பதும் எனக்குத் தெரியும்.

முதல் தடவை மாசி மாசம். "சாப்புட்டியாம்மா" என்று நீ கேட்டதும், "சாப்புட்டேன் சாமி, நீ சாப்புட்டியா?" என்றாள். பதில் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை. கட்டாகிவிட்டது. "பாவம், வேலையா இருக்கறாளாட்ட" என்றாள். அது மிஷின் பேசுவது, உன் மகள் கேட்டுக்கொண்டு இல்லை என்று நான் சொன்னேன். "மிஷினு வெச்சவ அவதான? நாம பேசறத எங்கயாச்சும் சேத்து வெச்சிருப்பா. நேரங் கெடைக்கறப்பக் கேட்டுக்குவா" என்றாள். அதற்குப் பிறகு உன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நிறுத்தாமல் பேசினாள்.

மார்கழியில், "ஆரஞ்சு எட்டு எடுத்து வெச்சிருக்கறேன், அழுகறதுக்குள்ள வந்துரு. உங்கப்பன் பல்லு வலின்னு ஆட்டமா ஆடறாரு. ஒரு பல்லுக்கு இத்தன ஆட்டமான்னு கேளு" என்றாள்.

கடைசித் தடவை ஆவணியில். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணு, காலு நொம்ப வலிக்குது. உங்கப்பங்கிட்டச் சொல்லல, அவரு மொகம் சுண்டிப் போவும். நீயுஞ் சொல்லிப்போடாத" என்றாள். மீதிப் பதினாறையும் நேரில்தான் சொல்வேன். காகிதத்தில் கொள்ளாது.

என் முகம் ஏன் சுண்டும் என்று உனக்குத் தெரியாது. அந்தக் கால் கல்லில் வழுக்கி ஒடிந்தது என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். அது பொய்.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, லைனுக்குக் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம். அப்போது எனக்கு மேஸ்திரி வேலை புதிது. காலையில் ஆள் கூப்பிட்டு எண்ணுவேன், சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு எண்ணுவேன். முப்பத்தெட்டுப் பேர். காகிதம் கிடையாது, வீட்டு வரிசைப்படி மனசுக்குள். அந்த எண்ணிக்கைக்கு வெளியே உன் அம்மாவும் அவர்களோடு காப்பிப் பழம் பறித்தாள். அவள் பேரை மட்டும் நான் கூப்பிட்டதில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிறவளைக் கூப்பிடுவானேன், என் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மற்றவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் காற்றும் மழையும். எல்லோரும் பழம் அரைக்கும் கொட்டகைக்கு ஓடி வந்தோம். கூப்பிட்டேன். முப்பத்தெட்டுப் பேரும் குரல் கொடுத்தார்கள். "ஆள் சரி" என்று துரையிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பு எரியவில்லை. ஓடினேன். கொட்டகைக்குக் கீழே இரண்டாவது படிக்கட்டுச் சரிவில், முறிந்த கிளைக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு கிடந்தாள். கூப்பிடு தூரம்தான். தூக்கும்போது அவள் வலி என்று சொல்லவில்லை. "எல்லாத்து பேருங் கேட்டுதுங்க. இப்பக் கூப்புடுவீங்க, இப்பக் கூப்புடுவீங்கன்னு காதக் குடுத்துட்டே கெடந்தேன்" என்றாள்.

அந்தக் காலோடுதான் அவள் நாற்பது வருஷம் நடந்தாள். அந்தக் காலால்தான் மேல் ரோட்டுக்கு ஏறாமல் இருந்தாள். அம்மாசி கையில் மாத்திரைக் கவரைப் பார்த்த பிறகும் நான் ஓடிப் போய் அடுத்த ஊரில் வண்டியைப் பிடிக்கவில்லை. இதைத்தான் போன கடிதத்தில் பாதியில் நிறுத்தினேன். பந்தலில் உன்னைக் கேட்ட கேள்வி என்னைக் கேட்க வேண்டியது. நீ ஒரு தடவை விட்டாய். நான் இரண்டு தடவை.

சரி, பட்டியலை எழுதிக்கொள். காகிதம் இல்லாமல் சொல்கிறேன், லாசர் திகைத்துப் போய்ப் பார்க்கிறார்.

முதல் வீடு அருக்காணி. சர்க்கரை. போன் அவள் மகன் தினேஷிடம். அவன் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான், ஏழு மணிக்கு மேல் கூப்பிடு.

இரண்டாம் வீடு பூட்டிக் கிடக்கிறது. திருப்பூருக்குப் போனவர்கள் தை மாசம் வருவார்கள். வீட்டை எழுதி, தைக்கு என்று எழுதி வை.

மூன்றாம் வீடு ஞானசுந்தரம். இளைப்பு. தனக்கு ஒரு நோயும் இல்லை என்பான், நம்பாதே. போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்கவில்லை என்பான், இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

நாலாம் வீட்டுக்குச் சுவர் இல்லை, ஆளும் இல்லை. இல்லை என்றே எழுது, காலியாக விடாதே.

ஐந்தாம் வீடு இளவரசியும் மாமியாரும். மாமியாருக்குக் கொதிப்பு, கண்ணும் தெரியாது. மருமகள் வேலையிலிருந்து வருவது ஆறு மணிக்கு.

ஆறாம் வீடு சின்னத்தாயி. நோய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுது.

மேல் லைன் அம்மாசி போன ஆடியில் செத்துப்போனான். அவன் போன் இன்னும் திங்கட்கிழமை துணிப் பெட்டிக்குள் அடிக்கிறது, பெண்டாட்டி பயப்படுகிறாள். எடுத்துவிடு. என் முப்பத்தெட்டில் மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான்.

குரல் என்ற கட்டத்தில் எல்லா வீட்டுக்கும் உன் குரலையே போடு. சாப்பிட்டீங்களா என்று எல்லோரையும் கேள். அறுபதில் வெட்டாதே. அவர்கள் பேசி முடிக்கட்டும்.

ஏழாம் வீடு. கொதிப்பு. போன் இல்லை, சின்னத்தாயி போனுக்குக் கூப்பிடு. திங்கட்கிழமை சாயங்காலம் அந்த வாசலில் உட்கார ஆள் வரும். அன்றைக்குக் கொட்டகையில் எல்லோரையும் கூப்பிட்டவனை எண்ண யாரும் இல்லை. இப்போது அவன் ஒருவன்தான் மிச்சம். பெயர், சென்றாயன்.